மழை பெய்த மறுநாள்: செய்ன் ஆற்றில் கிருமியைக் குறைத்த முயற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

முன்கதை

பாரிஸ் நகரின் நடுவே ஓடும் செய்ன் ஆற்றில்தான் 1900 ஒலிம்பிக்கின் நீச்சல் போட்டிகள் நடந்தன. அதன்பின் கால் நூற்றாண்டு முடிவதற்குள், 1923-ல், அதே ஆற்றில் குளிக்கக் கூடாது என்று தடை வந்தது. படகுப் போக்குவரத்து ஒரு காரணம், அழுக்கு இன்னொரு காரணம். அந்தத் தடை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் நீடித்தது. ஆற்றங்கரையில் வீடு வைத்திருந்தவர்கள் மூன்று நான்கு தலைமுறையாக ஆற்றைப் பார்த்தார்களே தவிர, பெரும்பாலும் அதில் இறங்கவில்லை.

அழுக்கு எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, தரைக்கு அடியில் போக வேண்டும். பாரிஸின் பாதாள சாக்கடை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரிவாகக் கட்டப்பட்டது. 1894-ல் வந்த ஒரு சட்டம், வீட்டுக் கழிப்பறைகளையும் அந்தச் சாக்கடையோடு சேர்க்கச் சொன்னது. காலராவும் டைபாய்டும் ஊரை உலுக்கிய காலம் அது. வீட்டுக்குள் மலக்குழி இருப்பதைவிட, எல்லாவற்றையும் குழாயில் விட்டு ஊருக்கு வெளியே கொண்டுபோவது அன்றைக்குச் சரியான முடிவு. ஆனால் அந்த முடிவால் மழைநீரும் மலநீரும் ஒரே சுரங்கத்தில் ஓடத் தொடங்கின. இன்று அந்தச் சுரங்கங்களின் மொத்த நீளம் 2,400 கிலோமீட்டருக்கு மேல்.

ஏரிக்குக் கலிங்கு இருப்பதுபோல, இப்படிப்பட்ட சாக்கடைக்கும் மிகைநீர் வெளியேறும் வாய்கள் உண்டு. பெருமழையில் சுரங்கம் நிரம்பினால் தண்ணீர் எதிர்த்து ஏறி வீடுகளுக்குள்ளும் தெருவிலும் புகும். அது நடக்காமல் இருக்க, கூடுதல் நீரை நேரே ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஒரு கனமழை பெய்தால், நகரத்தின் கழிவறை நீரில் ஒரு பங்கு சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்காமலே செய்னுக்குள் போய்விடும்.

1990-ல் அன்றைய மேயர், இன்னும் மூன்று ஆண்டுகளில் செய்னில் நீந்திக் காட்டுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அது நடக்கவில்லை. இதை இங்கே எழுதுவது அவரைக் குறைசொல்ல அல்ல. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஆற்றைப் பற்றி எந்த அதிகாரி பேசினாலும், அந்தப் பழைய வாக்கு மக்கள் நினைவில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் நம்பிக்கையைச் சம்பாதிக்க இரட்டிப்பு உழைக்க வேண்டியிருந்தது.

எதை அளந்தார்கள்

ஆற்றில் நோய்க்கிருமி எத்தனை வகை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடுவது நடைமுறைக்கு ஒத்துவராது. அதற்குப் பதிலாக இரண்டு அடையாளக் கிருமிகளை எண்ணுவார்கள்: ஈ.கோலை, எண்டரோகாக்கஸ். இரண்டும் மனிதர், விலங்குகளின் குடலில் வாழ்பவை. இவற்றில் பெரும்பாலானவை தாமாக நோய் தருவதில்லை. ஆனால் இவை தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் கலந்திருந்தால் வயிற்றுப்போக்கு, வாந்தி, கண், காது தொற்று தரக்கூடிய மற்றவையும் கூடவே இருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு குளியல் நீர் விதிப்படி, ஆறு, ஏரி போன்ற நன்னீரில் 100 மில்லிலிட்டருக்கு 900 ஈ.கோலை என்பது 'போதுமான' தரத்தின் எல்லை. பல மாதிரிகளைச் சேர்த்துக் கணக்கிடும் எல்லை இது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிகளுக்கு உலக அமைப்பு வைத்திருக்கும் எல்லை 1,000 ஈ.கோலை, 400 எண்டரோகாக்கஸ். 100 மில்லிலிட்டர் என்றால் டீக்கடை கிளாஸ் ஒன்றின் அளவு. நீந்துகிறவர் வாய்க்குள் அதைவிடக் குறைவாகத்தான் போகும், ஆனாலும் கட்டாயம் போகும்.

இந்த முழு நிகழ்விலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரு சிக்கலை இப்போதே சொல்லிவிடுகிறேன். வழக்கமான சோதனையில் மாதிரியை ஊட்டப் பொருளில் வைத்து, கிருமி வளரும்வரை காத்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், சில முறைகளில் அதைவிடக் கூடுதலாகவும் ஆகும். ஆகவே இன்று கையில் கிடைக்கும் முடிவு நேற்றைய ஆற்றைப் பற்றியது. ஆறோ ஒரே இரவில் மாறிவிடும்.

கிருமி வரும் வழிகள்

பிரச்சினையைப் பிரித்துப் பார்த்ததில் நான்கு வழிகள் தெரிந்தன. மழைநாளில் நிரம்பி வழியும் சாக்கடை முதலாவது. ஆறு பாரிஸுக்கு வரும் வழியில், மேல்கரையில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் இரண்டாவது. இவை கழிவை முறையாகச் சுத்தம் செய்தாலும், வெளியேறும் நீரில் குடல் கிருமி நிறையவே மிஞ்சும், ஏனென்றால் இவை கிருமியைக் கொல்வதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. மூன்றாவது, கரையோரம் நங்கூரமிட்ட வீட்டுப் படகுகள். பல படகுகள் தங்கள் கழிவை நேரே ஆற்றில் விட்டன.

நான்காவது வழி கண்ணுக்குத் தெரியாதது, பிடிப்பதற்கு மிகக் கடினமானது. பாரிஸுக்கு மேலே, செய்னும் அதன் துணையாறான மார்னும் வந்து சேரும் புறநகர்களில் பல இடங்களில் மழைநீருக்குத் தனிக் குழாய், கழிவுநீருக்குத் தனிக் குழாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வீடு கட்டும்போதோ விரிவாக்கும்போதோ கழிப்பறைக் குழாயை மழைநீர் வடிகாலில் சேர்த்துவிட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பலருக்குத் தங்கள் வீடு அப்படி இணைக்கப்பட்டிருப்பதே தெரியாது. கூவத்தையும் அடையாற்றையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மழைநீர் வடிகாலில் வெயில்காலத்திலும் தண்ணீர் ஓடுவதன் அர்த்தம் விளக்காமலே புரியும்.

முதல் வழி மழைநாளில் மட்டும் தொல்லை. மற்ற மூன்றும் தினமும் தொல்லை. என் பார்வையில் இந்தப் பாகுபாடுதான் முழுத் திட்டத்துக்கும் அச்சாணி. வெயில்நாளில் ஆற்றைச் சுத்தமாக வைப்பது ஒரு வேலை, மழைநாளில் காப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

2016-ல் நகராட்சியும் அரசும் அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளும் சேர்ந்து ஒரு குளியல் திட்டத்தைத் தொடங்கின. 2017 செப்டம்பரில் பாரிஸுக்கு 2024 ஒலிம்பிக் உறுதியானது. டிரையத்லானும் நெடுந்தூர நீச்சலும் செய்னில் என்று அறிவிக்கப்பட்டதால், திட்டத்துக்கு ஒரு கெடுவும் வந்தது. மொத்தச் செலவு சுமார் 140 கோடி யூரோ.

ஆற்றுக்குள் மருந்து போடுவது இதில் எங்குமே இல்லை. ஓடும் ஆற்றில் குளோரின் கொட்டினால் மீனும் பூச்சியும்தான் முதலில் சாகும், அடுத்த மணி நேரத்தில் மேலிருந்து புதுத் தண்ணீர் வந்துவிடும். கிருமியை ஆற்றுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையங்களில் கடைசிப் படியாகக் கிருமிநீக்கம் சேர்க்கப்பட்டது. நுவாசி-லெ-கிராண்ட் நிலையத்தில் புற ஊதா ஒளி, வலாந்தோன் நிலையத்தில் பெர்ஃபார்மிக் அமிலம். இந்த அமிலம் வேலையை முடித்ததும் விரைவாகச் சிதைந்துவிடும் என்பது அதைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல காரணம். குளிக்கும் பருவத்தில் மட்டும் இந்த ஏற்பாடு இயங்கும்.

வீட்டுப் படகுகளுக்கு 2018-ல் சட்டம் வந்தது. கரையில் இணைப்பு அமைத்து, படகுகளைச் சாக்கடையோடு சேரச் சொன்னார்கள்.

தப்பாக இணைக்கப்பட்ட வீடுகளுக்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. வீடு வீடாகப் போக வேண்டும், குழாயில் நிறநீர் ஊற்றி அது எந்த வடிகாலில் எட்டிப் பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும், உரிமையாளரிடம் பேச வேண்டும், தோண்ட வேண்டும். உரிமையாளருக்கு இதில் நேரடி லாபம் எதுவும் இல்லை. அவருடைய கழிப்பறை நன்றாகத்தான் வேலை செய்கிறது. முற்றத்தைத் தோண்டச் சொல்வது முன்பின் தெரியாத யாரோ கீழ்க்கரையில் நீந்துவதற்காக. அதனால் செலவில் ஒரு பங்கை மானியமாகக் கொடுத்தார்கள். 2023 முதல், ஆற்றைப் பாதிக்கும் பகுதிகளில் வீட்டை விற்கும்போது சாக்கடை இணைப்பு சரியாக இருக்கிறது என்ற சான்றும் கட்டாயமானது. இந்த வேலையைச் செய்த ஆய்வாளர்கள் எந்தத் திறப்பு விழாவிலும் நிற்கவில்லை. ஆனால் வெயில்நாள் எண்கள் இறங்கியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

மழைநாளுக்கு என்ன செய்வது? மழைநீரையும் கழிவுநீரையும் பாரிஸ் முழுக்கப் பிரிப்பது, 2,400 கிலோமீட்டர் சுரங்கத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வலையமைப்பைக் கட்டுவதற்குச் சமம். அதனால் மழை பெய்யும் சில மணி நேரத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்து, ஓய்ந்தபின் மெல்லச் சாக்கடைக்கு அனுப்பும் வழியைத் தேர்ந்தார்கள். அவுஸ்தர்லிட்ஸ் ரயில் நிலையத்தின் அருகே பூமிக்குள் ஒரு பிரம்மாண்டத் தொட்டி கட்டப்பட்டது: 50 மீட்டர் விட்டம், 30 மீட்டருக்கு மேல் ஆழம், 50,000 கன மீட்டர் கொள்ளளவு. 2024 மே மாதம் திறந்தார்கள்.

5 கோடி லிட்டர் என்று கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாரிஸின் பரப்பு சுமார் 105 சதுர கிலோமீட்டர். அதன்மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 10.5 லட்சம் கன மீட்டர், அதாவது இப்படிப்பட்ட 21 தொட்டிகள். ஒரு பங்கை மண் குடிக்கும், பெரும்பங்கைச் சாக்கடையே ஏந்தும், எஞ்சியதுதான் தொட்டியின் வேலை. சாதாரண மழையில் அது போதும். விடாத பெருமழையில் போதாது என்பது கட்டியவர்களுக்கும் தெரியும். தொட்டியால் வழிந்தோடும் நாட்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியும், பூஜ்யமாக்க முடியாது.

2023 ஆகஸ்ட்: ஒத்திகை

போட்டிக்கு ஓராண்டு முன் ஒத்திகைப் போட்டிகள் வைத்தார்கள். மாதத் தொடக்கத்தில் நடக்க வேண்டிய நெடுந்தூர நீச்சல், கனமழைக்குப் பின் கிருமி எண்ணிக்கை ஏறியதால் ரத்தானது. அதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். மழை, சாக்கடை, ஆறு என்று காரணம் நேராக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து டிரையத்லான். ஆகஸ்ட் 17-ல் பெண்கள் நீந்தினார்கள், 18-ல் ஆண்கள் நீந்தினார்கள், தண்ணீர் எல்லைக்குள் இருந்தது. 19-ம் தேதி மாற்றுத்திறனாளர் போட்டி, 20-ம் தேதி கலப்புத் தொடர், அதாவது ஆணும் பெண்ணும் ஒரே அணியில் மாறி மாறி இறங்கும் போட்டி. இந்த இரண்டு நாளும் எண்கள் எகிறின. நீச்சலை எடுத்துவிட்டு ஓட்டமும் சைக்கிளும் மட்டும் வைத்து முடித்தார்கள்.

தேடிப் பார்த்ததில், மேல்கரையில் தொல்பியாக் பகுதியின் சாக்கடையில் ஒரு வால்வு சரியாக வேலை செய்யாதது தெரிந்தது. கோடிக்கணக்கில் செலவிட்டுக் கொண்டிருந்த திட்டத்தை ஒரு வால்வு இரண்டு நாளுக்கு நிறுத்திவிட்டது.

இந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இதுதான். புதிதாகக் கட்டுவதற்குப் பணம் கிடைக்கும், படம் எடுப்பார்கள், நாடா வெட்டுவார்கள். இருக்கும் மதகும் வால்வும் பம்பும் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று நடுராத்திரியில் பார்த்துச் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும், ஒரு கருவி வேண்டும், அதற்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். ஒத்திகை வைக்காமல் இருந்திருந்தால் இந்த ஓட்டை போட்டி நாளில்தான் வெளிப்பட்டிருக்கும்.

2024 கோடை

அந்த வசந்தம் ஈரமாக இருந்தது. ஜூனில் ஆறு வழக்கத்தைவிட மிக வேகமாக ஓடியது. வெயிலில் மெதுவாக ஓடும் தண்ணீரில் சூரிய ஒளியே கிருமியைக் கொல்லும். வேகமாக ஓடினால் மேல்கரையில் விழுந்த கிருமி சாவதற்கு முன்பே நகரத்துக்கு வந்து சேரும். ஜூன் மாத முடிவுகள் பெரும்பாலும் எல்லையைத் தாண்டியே இருந்தன. இதை மறைக்காமல் வாராவாரம் எண்களை வெளியிட்டது நல்ல முடிவு.

ஜூலையில் வெயில் வந்தது, எண்கள் இறங்கின. 13-ம் தேதி விளையாட்டுத் துறை அமைச்சரும் 17-ம் தேதி மேயரும் ஆற்றில் நீந்தினார்கள்.

ஜூலை 26 தொடக்க விழாவன்று மழை கொட்டியது. மறுநாளும் விடவில்லை. 28, 29 தேதிகளில் ஆற்றுப் பயிற்சி ரத்து. 30-ம் தேதி காலை ஆண்கள் டிரையத்லான் நடக்க வேண்டும். பொழுது விடிவதற்கு முன்பே கூடிப் பேசி, ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, பல ஆண்டு தயாரிப்போடு வந்த வீரர்களிடம் இன்று இல்லை என்று சொல்வது எளிதல்ல. ஆனால் கையில் இருந்த எண்கள் எல்லைக்கு மேலே இருந்தன, வெயில் அடிக்கிறது, ஒரு நாள் பொறுத்தால் இறங்கும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. அவர்கள் அட்டவணையில் உதிரி நாட்களை முன்பே ஒதுக்கியிருந்ததால்தான் இந்த முடிவு சாத்தியமானது.

31-ம் தேதி காலை பெண்களும் அடுத்து ஆண்களும் மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தின் அருகே ஆற்றில் குதித்தார்கள். கலப்புத் தொடர் ஆகஸ்ட் 5-ல் நடந்தது. நெடுந்தூர நீச்சல் 8, 9 தேதிகளில் நடந்தது. நடுவே சில பயிற்சி நாட்கள் ரத்தாயின. செப்டம்பரில் மாற்றுத்திறனாளர் டிரையத்லானும் மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது.

சில வீரர்களுக்கு உடல்நிலை கெட்டது. ஒரு நாட்டு அணி, தன் வீராங்கனைக்கு நோய் வந்ததால் கலப்புத் தொடரிலிருந்து விலகியது. ஆறுதான் காரணம் என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. பிறகு அந்த வீராங்கனையே, ரத்தச் சோதனையில் வைரஸ் தெரிந்தது, ஈ.கோலை இல்லை என்று சொன்னார். ஆற்றில் வைரஸும் இருக்கலாம், விடுதியிலும் இருக்கலாம். ஒரு தனி ஆளின் நோயை வைத்து ஆற்றைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

2025: பொதுமக்கள்

2025 ஜூலை 5-ல் பெர்சி, மாரி கிளை, கிரெனெல் என்ற மூன்று இடங்களில் பொதுமக்களுக்குக் கட்டணமில்லாமல் ஆறு திறந்தது. நீந்துகிறவர் இடுப்பில் மஞ்சள் மிதவை கட்ட வேண்டும், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், கடற்கரையில் இருப்பதுபோல் கொடி பறக்கும்.

மறுநாளே மழை. மூடினார்கள். தொடக்க விழா முடிந்த மறுநாளே சிவப்புக் கொடி ஏற்ற நிர்வாகத்துக்குத் தைரியம் வேண்டும். அதைப் பார்த்துச் சிலர் திட்டம் தோற்றுவிட்டது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்பாடு வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அந்தக் கோடையில் சுமார் 1 லட்சம் பேர் செய்னில் இறங்கினார்கள்.

எதை மாற்றலாம்

இதே வேலையை வேறு நகரம் தொடங்கினால், வீட்டு இணைப்புகளை முதல் நாளே தொடங்கச் சொல்வேன். தொட்டியைப் பணம் இருந்தால் மூன்று நான்கு ஆண்டில் கட்டிவிடலாம். ஆயிரக்கணக்கான உரிமையாளர்களைச் சம்மதிக்க வைக்கப் பணம் மட்டும் போதாது, காலம் வேண்டும். வீடு விற்கும்போது சான்று என்ற விதி 2016-லேயே வந்திருந்தால், போட்டிக்குள் எத்தனையோ வீடுகள் கைமாறிச் சரியாகியிருக்கும்.

இரண்டாவதாக, மாற்றுத் திட்டத்தை முன்கூட்டியே சொல்வது. நெடுந்தூர நீச்சலுக்கு வேறு இடம் என்ற ஏற்பாட்டை 2024 ஜூலைத் தொடக்கத்தில்தான் வெளிப்படையாக அறிவித்தார்கள். அதுவரை செய்ன் மட்டுமே என்ற பேச்சு வீரர்களின் கவலையைக் கூட்டியது.

சோதனை முடிவுக்காக ஒரு நாள் காத்திருக்கும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. சில மணி நேரத்தில் பதில் சொல்லும் கருவிகள் இருக்கின்றன. அவற்றோடு மழையளவு, ஆற்றின் வேகம், எந்த மிகைநீர் வாய் எப்போது திறந்தது என்ற பதிவு, இவற்றைச் சேர்த்துக் கணித்தால் மாலையிலேயே மறுநாள் கொடியின் நிறத்தைச் சொல்லலாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி வரும் குடும்பத்துக்குக் காலை பத்து மணிக்குத் தெரிவதைவிட முந்தின இரவே தெரிவது எவ்வளவோ மேல்.

நீந்தியவர்களின் உடல்நிலையை நீந்துவதற்கு முன்பே பதிவுசெய்து, அதன்பின் பத்து நாள் தொடர்ந்து கேட்கும் ஏற்பாட்டையும் முதல் நாளே வைத்திருப்பேன். யாருக்காவது நோய் வந்தபின் கேள்வி கேட்டால் வதந்திதான் முந்தும்.

கடைசியாக, ஆண்டு சொல்லி வாக்குக் கொடுப்பதை விட்டுவிடுவேன். இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால் மூடுவோம், எண்கள் இறங்கியதும் திறப்போம், எண்களை இந்த இடத்தில் தினமும் ஒட்டுவோம் என்று முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுவேன்.